ஆறரைக்குக் கதவைச் சாத்தவேணும்

பேய், ஆவி, முனி எண்டு ஒண்டையும் நான் நம்பினதில்லை, அதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு இந்த மனுசனுக்குத் தலை கழண்டுபோச்சு எண்டு நீங்கள் யோசிக்கக்கூடாது. யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ளை இருபது வரியமா கொம்பியூட்டர் திருத்திறன். "அண்ணை, இதுக்குள்ளை ஏதோ பூந்திட்டுது, தானாய் நிக்குது, தானாய் வேலை செய்யுது" எண்டு கொண்டு வாற ஆக்களுக்கு மூடியைக் கழட்டிக் காட்டுவன். தூசி. தூசி இல்லையெண்டால் எலி. வயர் சேர்ந்தால் வேலை செய்யும், சேராட்டில் செய்யாது, இவ்வளவுதான் என்ரை சமயம். என்ரை மனுசி மலர் கோயிலுக்குள்ளை போனால் நான் வெளியிலை மோட்டச்சைக்கிளிலை இருந்துகொண்டு கச்சான் கடலை தின்னுவன்.

நீங்கள் உங்கடை லப்ரொப்பை எடுக்க வீட்டுக்கு வந்த இடத்திலை, ரீவிக்குக் கீழை கிடக்கிற இந்தக் கறுத்தப் பெட்டியைக் காட்டி "உதை விலைக்குத் தருவீங்களோ" எண்டு கேட்டபடியாத்தான் சொல்லுறன். ஆறுதலா இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறரைக்கு இன்னும் நேரம் கிடக்குது.

மலருக்குச் சிறுநீரகம் பழுதாகிப்போச்சு. கிழமையிலை மூண்டு நாள் பின்னேரம் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் சுத்தப்படுத்தவேணும், திரும்பக் கொக்குவில் வீட்டுக்கு வந்துசேர ஏழரை எட்டாகும். அவவுக்கு வருத்தத்தைவிடப் பெரிய கவலை ஆறரை மணி நாடகம். மாமியார் மருமகள் கதைதான், சென்னையிலை எடுக்கிறது, எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே தலையிடி. "இஞ்சருங்கோ, ஊராற்றை கொம்பியூட்டரெல்லாம் திருத்துறீங்கள், எனக்கு இந்த நாடகத்தைப் பிடிச்சு வைக்க ஒரு வழி இல்லையோ" எண்டு ஒருநாள் கேட்டா. கேட்ட விதம் எனக்குச் சுட்டுப்போட்டுது. கடையிலை ஒரு கந்தோர் வேலைக்கு உதவாதெண்டு கழிச்சு விட்ட பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி கிடந்தது. கழட்டிப் போட்ட இன்னொண்டிலை இருந்து ரீவி பிடிக்கிற கார்ட்டை எடுத்துப் பூட்டினன், கேபிள்காரற்றை வயரை நேர அதுக்குள்ளை குடுத்தன், ஆறரைக்குத் தானாய்ப் பதிவு தொடங்கி ஏழுக்கு நிக்கிறமாதிரி நேரம் வைச்சன். கரண்ட் போனாலும் நிக்காமல் இருக்க ஒரு பற்றரி. றிமோட் ஒண்டு. பதிஞ்சதெல்லாம் ரீவியிலை வரிசையா நிக்கும், பார்க்காததுக்கு முன்னாலை ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும், கடைசி மட்டும் பார்த்து முடிச்சால் அந்தப் புள்ளி போயிடும். பாதியிலை விட்டால் மிச்சம் எவ்வளவு எண்டு பக்கத்திலை காட்டும்.

றிமோட்டை அவ ஒரே நாளிலை பழகிட்டா. மருமகள் மாமியாருக்கு வாய் காட்டுற இடம் வந்தால் மூண்டு தரம் திருப்பிப் போட்டுப் பார்ப்பா, நாலில்லை, இரண்டில்லை, மூண்டு. கையிலை தேத்தண்ணிக் கோப்பை இருக்கும். அவ ஒருநாளும் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சதில்லை பாருங்கோ. அடியிலை ஒரு வாய் விட்டு, அதை அரை மணித்தியாலமா உதட்டை நனைச்சு நனைச்சு வைச்சிருப்பா. "முடிச்சுத் துலையுமனப்பா" எண்டு நான் கத்துவன். "முடிச்சால் எழும்பவேணுமெல்லே" எண்டுவா.

பிறகு ஆசுப்பத்திரி வாட்டிலை மறிச்சுப்போட்டினம். மூண்டு கிழமை. நாடகம் இஞ்சை சேர்ந்துகொண்டே போகுது, மஞ்சள் புள்ளி ஒண்டுக்குக் கீழை ஒண்டு. "ஒண்டையும் விட்டிடாதேங்கோ, வந்து இருந்து பார்ப்பன்" எண்டா. "ஒண்டும் விடன்" எண்டு சொன்னனான். கடைசி நாள் கூட, "அவள் பெட்டை வீட்டை விட்டு வெளிக்கிட்டிட்டாளோ?" எண்டு கேட்டா. நான் நாடகம் பார்த்தால்தானே தெரியும்? "நீர் வந்து பாருமன்" எண்டன். அவ வரேல்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவு அண்டைக்கு மலரின்ரை தங்கச்சி ராணி உடுவிலிலை இருந்து வந்து, செத்தவவுக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சவள். வாழையிலையிலை எல்லாம் படைச்சு, பக்கத்திலை சீலை, மூக்குக்கண்ணாடி, வெத்திலை. நான் என்ன நினைச்சனோ தெரியாது, றிமோட்டை எடுத்து இலையோரத்திலை வைச்சன். ராணி "அத்தான்..." எண்டு தொடங்கினவள், முடிக்காமல் அழத் தொடங்கிட்டாள். எங்கடை வழக்கப்படி படைச்சால் கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் வெளியிலை வந்து நிக்கவேணும், ஆள் வந்து ஆறுதலாச் சாப்பிட. நானும் போய்க் கிணத்தடியிலை நிண்டன். எனக்கு அதிலை நம்பிக்கை இல்லை, ஆனால் அண்டைக்கு உள்ளை நிக்கவும் ஏலாமல் கிடந்தது. அப்ப நேரம் ஆறரை.

எல்லாரும் போனபிறகு, சும்மா ஒரு சத்தம் வேணுமெண்டு ரீவியைப் போட்டன். முதலாவது மஞ்சள் புள்ளி இல்லை.

பிழையா அமத்துப்பட்டிருக்கும் எண்டு விட்டன். அடுத்த நாள் அதே நேரம் ஒரு அலுவலா வெளியிலை போய் வந்தன், இரண்டாவது புள்ளியும் இல்லை. லண்டனிலை இருக்கிற மகள் "அப்பா, பூனை மிதிச்சிருக்கும்" எண்டாள். எங்கடை வீட்டிலை எங்கை பூனை? கொம்பியூட்டர் எல்லாத்தையும் எழுதி வைக்கும், எத்தினை மணிக்கு எந்தப் பொத்தான் எண்டு. எடுத்துப் பார்த்தன். ஆறு முப்பத்தொண்டுக்குத் தொடக்கம். நடுவிலை ஓரிடத்திலை திருப்பல், திருப்பல், திருப்பல். அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தன். மருமகள் மாமியாரைப் பார்த்து வாய் காட்டுறாள். நம்பினால் நம்புங்கோ, எனக்குப் பயம் வரேல்லை. கதிரையிலை இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதன்.

பெட்டியை முழுசாக் கழட்டிப் பார்த்தனான், சொல்லுறன். தூசி துடைச்சன், றிமோட்டின்ரை பற்றரியைக் கழட்டினன், வேறை றிமோட் மாத்தினன். ஒண்டும் மாறேல்லை. ஒருநாள் பிடிக்கிறன் எண்டு சொல்லி இந்தக் கதிரையிலையே ஆறரை தொடங்கி ஒன்பது மட்டும் குந்தி இருந்தன். ஒண்டும் நடக்கேல்லை, புள்ளி அப்பிடியே கிடந்தது. அடுத்த நாள் கதவைச் சாத்திப்போட்டு வெளியிலை போனன், புள்ளி போயிட்டுது. தேத்தண்ணி ஊத்தி வைச்சும் பார்த்தனான், அதை எறும்புதான் குடிச்சது.

விளங்குதோ உங்களுக்கு? நான் இருந்தால் அவ வரமாட்டா. அவ வரவேணுமெண்டால் நான் வெளியிலை நிக்கவேணும். முப்பது வரியம் ஒரே கூரைக்குள்ளை இருந்தனாங்கள்.

அண்டையிலை இருந்து ஆறரைக்கு முதலே கடையைப் பூட்டிப்போட்டு ஓடிவந்து, ரீவியை நிப்பாட்டி, கதவைச் சாத்திப்போட்டுக் கிணத்தடியிலை நிப்பன். றெயில் போற சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டிலை பிள்ளையள் பாடம் படிக்கிறது கேட்கும். ஏழுக்குப் பிறகு உள்ளை போய்ப் புள்ளி போயிட்டுதோ எண்டு பார்ப்பன். அதுதான் எனக்கு அவவோடை கதைக்கிறது. நாடகத்துக்குச் சனி ஞாயிறு லீவு, அவவுக்கு லீவு இல்லை, அதாலை பார்க்காமல் கிடந்தது கிழமைக்குக் கிழமை குறைஞ்சுகொண்டு வந்தது. நான் கணக்குப் பார்க்கத் தொடங்கினன், எல்லாம் முடிஞ்சால் பிறகென்ன எண்டு. அந்த நேரம் பார்த்து ரீவியிலை விளம்பரம் போடுறான், நாடகத்துக்கு இது கடைசிக் கிழமையாம்.

இனிச் சொல்லப்போறதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, மகளுக்கும் இல்லை. கடைசிப் பகுதி போற வெள்ளிக்கிழமை, ஆறரைக்குப் பத்து நிமிசம் இருக்க, கேபிள் வயரைக் கழட்டிவிட்டன். பதியவிடேல்லை. முடிவு இல்லாட்டில் அவ போகமாட்டா எண்டு நினைச்சன். எவ்வளவு கெட்ட புத்தி பாருங்கோ, சாப்பிட இருந்த ஆளுக்கு முன்னாலை இருந்து இலையை இழுக்கிறது மாதிரி.

இருந்ததுகளை அவ பார்த்து முடிச்சிட்டா. அடுத்த நாள் நான் ஏழுக்கு உள்ளை வாறன், நிப்பாட்டிவிட்டுப் போன ரீவி எரியுது. நாடக வரிசை விரிஞ்சு கிடக்குது, கடைசி வரியிலை வெளிச்சம் நிக்குது. கொம்பியூட்டர் எழுதி வைச்சதைப் பார்த்தால், கீழை, கீழை, கீழை எண்டு அமத்துப்பட்டிருக்குது, அதுக்குக் கீழை ஒண்டும் இல்லாமலே. அதுக்கடுத்த நாளும் அப்பிடித்தான். ஒரு மாசத்துக்குக் கிட்ட ஒவ்வொரு நாளும் அப்பிடி. ஒருநாள் கடைசிக்கு முந்தின பகுதியின்ரை கடைசிக் கட்டத்தைப் பத்துப் பன்னிரண்டு தரம் திருப்பிப் பார்த்திருக்குது. அந்த மருமகள் பெட்டை சூட்கேசோடை வாசல் படலையடியிலை நிக்கிறாள், போறாளோ இல்லையோ தெரியாது. வாட்டிலை கேட்டாவெல்லே, வெளிக்கிட்டிட்டாளோ எண்டு.

மகளுக்கு ரெலிபோன் எடுத்து, கடைசிப் பகுதியை இன்ரநெற்றிலை தேடி அனுப்பச் சொன்னன். "அப்பா, நீங்களோ நாடகம் பார்க்கிறியள்?" எண்டு பகிடி பண்ணினாள். அனுப்பினதை நான் திறந்து பார்க்கேல்லை. வரிசையின்ரை அடியிலை போட்டன், மஞ்சள் புள்ளியோடை நிண்டது. மலரின்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு, "மலர், நான்தான் வயரைக் கழட்டினனான், மன்னிச்சுக்கொள்ளும்" எண்டு சத்தமாச் சொன்னன். சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிணத்தடிக்குப் போனன். றெயில் போச்சு. ஏழாச்சு. எனக்கு உள்ளை போக மனமில்லை, ஏழரை மட்டும் நிண்டன், நுளம்பு பிடுங்கித் தின்னுது.

போய்ப் பார்த்தன். ரீவி நிண்டுபோய்க் கிடந்தது. போட்டுப் பார்த்தன், புள்ளி போகேல்லை. பக்கத்திலை எழுதியிருக்குது, மிச்சம் ஒரு நிமிசம் ஐம்பது செக்கன்.

முடிக்கேல்லை. பெட்டி பழுதாய் நிண்டிருக்கும் எண்டுதானே சொல்லுவீங்கள், நானும் அதைத்தான் சொல்லியிருப்பன், வேறை ஆள் வந்து சொல்லியிருந்தால். ஆனால் அடுத்த நாள் பார்த்தன், ஒரு நிமிசம் நாற்பத்தொன்பது. அதுக்கடுத்த நாள் நாற்பத்தெட்டு. ஒரு நாளைக்கு ஒரு செக்கன். ஒரு செக்கன் மட்டும் ஓடி நிக்கிறமாதிரி எந்தப் பெட்டியையும் ஒருத்தரும் செய்யேல்லை, எனக்குத் தெரிஞ்ச வேலையிலை அதுக்கு ஒரு காரணமும் இல்லை. கோப்பையின்ரை அடியிலை கிடக்கிற அந்த ஒரு வாயை, உதட்டை நனைச்சு நனைச்சு.

கரண்ட் வயரையும் பற்றரியையும் கழட்டினால் இது இப்பிடியே நிக்கும், எனக்குத் தெரியும். ஒருக்கால் கழட்டினது காணும். இனி அந்த வேலைக்கு நான் போகமாட்டன், என்ன வந்தாலும். அதாலைதான் சொல்லுறன், இந்தப் பெட்டி விலைக்கு இல்லை.

முந்தாநாள் மிச்சம் பத்துச் செக்கன் நிண்டது. நேற்று ஒன்பது. இண்டைக்கு என்ன நிக்கும் எண்டு எனக்குத் தெரியும், ஆனாலும் போய்ப் பார்ப்பன்.

சரி, ஆறரையாகப் போகுது. தேத்தண்ணி முடிஞ்சுதோ? முடியாட்டிலும் பரவாயில்லை, கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு எழும்புங்கோ, கதவைச் சாத்தவேணும்.