சரிவைச் சுத்தம் செய்தவர்

வனக்காவலராக இருந்த அவருக்கு உடன் வேலை பார்த்தவர்கள் துடைப்பக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்கு வருத்தம் இல்லை, உள்ளூரப் பெருமைதான். காட்டுப் பாதையில் ஒரு சுள்ளி குறுக்கே கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை மான் உதிர்த்த கொம்பை அலுவலகத்துக்குத் தூக்கி வந்து, "யாரோடதோ தெரியல, கேட்டு வந்தா குடுத்துடுங்க" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வீடும் அந்த லட்சணம்தான். மனைவி இருந்தவரை எதிர்த்துப் பேச ஓர் ஆள் இருந்தது. அவள் போன பிறகு வீடு முழுக்க அவர் சட்டம். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, இரண்டு தட்டு. இரண்டாவது தட்டு எதற்கு என்று கேட்டால் அவருக்கும் பதில் தெரியாது.

அந்தக் கோடையில் மலையின் மேற்குச் சரிவு முழுக்க எரிந்தது. சரிவின் அடியில், ஓடைக்கரையில் மகளின் வீடு. தீ அதுவரை வரவில்லை என்றாலும் தெருவையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. மகள் கைக்குழந்தையையும் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த அன்றே வீடு அவர் கையை விட்டுப் போனது. நடக்கும் இடமெல்லாம் வெட்டுத்துணி. தலையணைக்கடியில் குண்டூசி. பேத்தி பிஸ்கட்டை வாயில் வைத்ததைவிடத் தரையில் தேய்த்ததுதான் அதிகம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பெருக்கினார், திரும்பிப் பார்த்தால் மறுபடி கிடந்தது.

"எப்பப்பா வீட்டுக்குப் போகலாம்?" என்று மகள் கேட்டாள். அவளுக்கும் தன் வீட்டு நினைப்புதான். ராத்திரி பகலாகத் தைத்து வாங்கிய வீடு.

"மேல சரிவை ஒழுங்கு பண்ணிட்டுச் சொல்றேன்."

இடையில் மண் ஆய்வுக்கென்று ஓர் அதிகாரி வந்தாள். சின்ன வயது. எரிந்த தரையில் சாம்பலை விலக்கிவிட்டு பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினாள். எண்ணெய் தடவிய தட்டில் விழுந்ததுபோல் தண்ணீர் முத்து முத்தாக நின்று, அப்படியே உருண்டு ஓடியது.

"இலையில இருந்த மெழுகு, பிசினெல்லாம் சூட்டுல ஆவியாகி மண்ணுக்குள்ள படிஞ்சிருக்கு. தண்ணி உள்ள இறங்காது. இப்போதைக்கு இந்த மண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கிறது விழுந்து கிடக்கிற மரமும் சருகும்தான். எதையும் தொட வேணாம், அப்படியே விட்டுடுங்க சார்."

அவர் தலையை ஆட்டினார். அப்படியே விட்டுடுங்க என்ற சொல்லை ஆயுள் முழுக்கச் சோம்பேறிகள் வாயில்தான் கேட்டிருந்தார்.

அதிகாரி ஜீப் ஏறியதும் வேலையைத் தொடங்கினார். மகள் வீட்டுக்கு நேர் மேலே இருந்த பகுதியை எடுத்துக்கொண்டார். கரிந்து விழுந்த மரங்களைக் கயிறு கட்டி இழுத்து ஓரமாக அடுக்கினார். வெந்து உதிர்ந்த சருகை ஒன்று விடாமல் வாரிக் குவித்தார். பக்கத்துச் சரிவுக்கு நேரமில்லை, அது அலங்கோலமாகவே கிடந்தது. முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தபோது மனசு குளிர்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெருக்கின முற்றம்கூட அத்தனை சுத்தமாக இருக்காது.

"தைரியமாப் போம்மா. துரும்புகூடக் கிடையாது" என்றார்.

அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று மகள் மறுநாளே கிளம்பினாள். அவர் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

நாலு நாள் கழித்து மழை வந்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. மதியம் பிடித்தது, காப்பி நேரத்துக்கு விட்டுவிட்டது. அதற்குள் அவர் சுத்தம் செய்த சரிவு மேல்மண்ணும் கல்லுமாக, தார் போலக் கறுத்து இறங்கி மகள் வீட்டு ஜன்னல்வரை நிறைந்துவிட்டது. பக்கத்துச் சரிவில் சாம்பல் தண்ணீர் மட்டும் வந்தது. அங்கே கரிக்கட்டைகளுக்குப் பின்னால் மண் அணைகட்டி நின்றிருந்தது.

அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது மகள் எதிர்வீட்டு மாடியில் நின்றிருந்தாள். இடுப்புவரை சேறு. இடுப்பில் குழந்தை. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் திரும்பி மேலே சரிவைப் பார்த்தார்.

அதிகாரி திரும்பவும் வந்து இரண்டு சரிவையும் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலாம். வைக்கோல் பரப்பச் சொன்னாள், மரங்களைச் சரிவுக்குக் குறுக்கே போடச் சொன்னாள்.

"எப்பம்மா சரியாகும்?"

"புல்லு சீக்கிரம் வந்துடும் சார். வேர் பிடிச்சு, மண்ணு பழையபடி தண்ணி குடிக்கணும்னா வருஷக்கணக்கா ஆகும். பாப்பா பள்ளிக்கூடம் போற வரைக்கும் அந்த வீட்டை நம்பாதீங்க."

அவர் வைக்கோலைக் கட்டுக் கட்டாகச் சுமந்து போய், வாழ்நாள் முழுக்கப் பொறுக்கின கையால் மலை மேல் இறைத்தார். கை வரவில்லை. வரிசையாகவே விழுந்தது.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி தொடாதே என்றதை, தான் தொட்டதை, பக்கத்துச் சரிவு இறங்காமல் நின்றதை. அவள் சேற்றிலிருந்து எடுத்த மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்குப்பா அவ்வளவு அவசரம்?"

"நீ வீட்டுக்குப் போகணும்னு கேட்டுட்டே இருந்தியேன்னு…"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லம்மா. நீ கிளம்பினாப் போதும்னு இருந்துச்சு" என்றார்.

அவள் மறுபடி குனிந்து துடைத்தாள். அவரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா பள்ளிக்கூடம் போற வரைக்கும் இங்கயே இரு. அதுக்கப்புறமும் இரு."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

யோசிப்பதற்கு அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் அவர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் சொல்வதற்காக அங்கேயே உட்கார்ந்திருந்தார்.