மழை மணத்துக்கு ஓடியவர்கள்

பல்கலைக்கழகப் பழைய மாணவர் அலுவலகத்தில், ஒன்றுகூடலுக்கு வரச்சொல்லி ஒரு பழைய மாணவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். யன்னலால் மழை மணம் வந்ததும் எழுந்துவிட்டேன். ஓட்டம், உயரம் பாய்தல், வலைப்பந்து என்று பழகிய கால்கள் இந்த மணத்துக்குக் கதிரையில் இருக்காது.

அறுபதுகளில், கிளிநொச்சிப் பக்கம் எங்கள் குடியேற்றப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப்போட்டி. நூறு யார் தூர ஓட்டத்தில் நான்தான் முன்னுக்கு. திடீரென்று வானம் கறுத்து இதே மணம் எழுந்தது. சனத்துக்குள் நின்ற அம்மா கத்தினா:

"பிள்ளை, மழை வருது! ஓடிப்போய் அவிச்ச நெல்லை அள்ளு!"

முடிவு நாடாவுக்குப் போகாமல் ஓடுபாதையின் ஓரக் கோட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், என்னோடு ஓடிய பிள்ளைகள் எல்லாரும் பின்னால் வருகிறார்கள். அவர்கள் முற்றங்களிலும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நாடாவைப் பிடித்தபடி இரண்டு வாத்திமார் மட்டும் அங்கே நின்றார்கள்.

நெல்லை அள்ளி முடித்தோம். மழை வரவேயில்லை.

பிறகு எத்தனையோ நாடாக்களை நெஞ்சால் அறுத்தேன். ஒவ்வொரு தடவையும், தொடக்கக் கோட்டில் குனியுமுன் வானத்தைப் பார்த்தேன்.

"அக்கா, லைனில நிக்கிறியளோ?" என்றான் தொலைபேசியில் அந்தப் பழைய மாணவன்.

"ஓம் தம்பி, சொல்லுங்கோ."

இப்போது என் முற்றத்தில் காய்வதற்கு ஒரு மணி நெல்லும் இல்லை. ஆனாலும் தொலைபேசியோடு கதவடிக்கு வந்திருந்தேன்.