வாசிக்காமல் கொடுத்த அனுமதி

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் என்பதால் எல்லோருடைய போனும் என் கைக்குத்தான் வரும். தங்கை செல்வியின் போனில் இடமில்லை என்று குப்பை நீக்கும் ஆப் ஒன்றைப் போட்டேன். எல்லா ஃபைல்களுக்கும் அது கேட்ட அனுமதியை வாசிக்காமலே கொடுத்தேன்.

மறுநாள் ஒத்தக்கடையில் அவளுக்குக் கல்லூரிச் சேர்க்கை. நான்கு மணிக்குள் போனில் இருந்த சான்றிதழ்ப் படங்களைக் கல்லூரித் தளத்தில் ஏற்ற வேண்டும். மூன்றரைக்குப் பார்த்தால் ஒரு படம்கூட இல்லை; குப்பையென்று அந்த ஆப் எல்லாவற்றையும் நீக்கியிருந்தது. அசல்கள் அலங்காநல்லூர் வீட்டில்; அரை மணியில் போய் எடுத்துவர முடியாது.

"ஏண்ணே, இங்கிலீசு தெரியும்னுதானே உன்கிட்ட குடுத்தேன். வாசிக்காமலா அமுக்குன?" என்றாள் செல்வி.

அந்த ஆப்பைத் துழாவினேன். நீக்கியதை ஒரு நாள் வைத்திருக்கும் பகுதியில் படங்கள் கிடந்தன. மீட்டு ஏற்றி முடித்தபோது நான்கு மணியாக ஐந்து நிமிடமே இருந்தது. உடனே செட்டிங்ஸில் போய் அந்த அனுமதியை நீக்கினேன்.

இப்போது யார் போனைக் கொடுத்தாலும், அனுமதி கேட்கும் வரியைத் தமிழில் சொல்லி, அவர்கள் சரியென்ற பிறகே அமுக்குகிறேன். செல்வி மட்டும், "இன்னொரு தடவ வாசிண்ணே" என்கிறாள்.