கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நைட்டி

எங்கள் வீட்டில் டூர் என்பது எப்போதும் பாதிப் பேர் போகிற விஷயம். அப்பாவும் நானும் போவோம், அம்மாவும் அண்ணனும் புதுச்சேரி உப்பளத்தில் இருக்கும் எங்கள் மாடி வீட்டிலேயே இருப்பார்கள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் மற்ற பிள்ளைகளைப் போல நானும் போட்டோ கொண்டுபோய்க் காட்டுவேன். நாலாம் வகுப்பில் ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “உங்கம்மா ஊர்ல இல்லியா?” என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அம்மா ஊரில்தான் இருந்தாள். ஊரைவிட்டு நகர முடியாமல் இருந்ததுதான் கஷ்டமே.

காரணம் என் அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள், அதிலும் கடுமையான வகை. அவன் பேச மாட்டான். புது இடம், புதுச் சத்தம், பழகாத வாசனை என்று எது வந்தாலும் கத்துவான், கையைக் கடித்துக்கொள்வான். கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். தண்ணீரைக் கண்டால் ஆழம் பார்க்காமல் நேராக உள்ளே நடப்பான். இரவில் அரைகுறையாகத் தூங்குவான். அவன் எழுந்தால் அம்மாவும் எழ வேண்டும் என்பதால் அவளுக்கும் கோழித்தூக்கம்தான்.

இப்படி எழுதும்போது ஏதோ சோகக் கதை மாதிரி இருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. அவனுக்குச் சந்தோஷம் வந்தால் கட்டில் மேல் ஏறிக் குதிப்பான், கீழ்வீட்டு அம்மாவின் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். துணியைத் தடவிப் பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முந்தானையையோ சட்டை நுனியையோ விரல்களுக்கு நடுவில் வைத்து, துணிக்கடை முதலாளி மாதிரி நிதானமாக எடைபோடுவான்.

ஒரு தடவை நாலு பேருமாக ஒரு மலை ஊருக்குப் போனோம். லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் அண்ணன் கத்த ஆரம்பித்தான். பக்கத்து அறைக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பெட்டியைத் திறக்காமலே அன்றைக்கே திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள், “இனிமே யாரும் டூருன்னு வாயத் தொறக்கக் கூடாது.”

அந்த வாயைத் திறந்தவர் பெரியப்பா. அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரிக்கே திரும்பி வந்தவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள், தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பெரியம்மா பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பிரான்சுக்குப் போயிருந்ததால் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. விடுமுறையை வக்கான்ஸ் என்றுதான் சொல்வார். மே மாதம் பிறந்துவிட்டால், “வக்கான்ஸ் வந்திருச்சே, எங்கியும் போவலியா?” என்று சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்பார். அம்மா பதிலுக்கு ரசத்தை நகர்த்தி வைப்பாள்.

அந்த வருஷம் அவர் கேட்டதோடு நிற்கவில்லை. பரணிலிருந்து ஒரு நீளமான பையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு கூடாரம். அங்கிருந்து வரும்போது ஆசையாக வாங்கி வந்து, இங்குள்ள வெயிலைப் பார்த்ததும் அப்படியே தூக்கிப் போட்டது.

“லாட்ஜுல இன்னா தொல்ல? பக்கத்து ரூம்காரன். டெண்ட்டுக்குப் பக்கத்துல யாரு இருக்கா? தென்ன மரம். அது வந்து கதவத் தட்டுமா?”

“வீட்டுல கட்டிலு, ஃபேனு எல்லாம் இருக்கறப்ப எதுக்கு மாமா மண்ணுல போயி படுக்கணும்?” என்றாள் அம்மா.

“அதுக்குப் பேர்தாம்மா வக்கான்ஸ்!”

அப்பா சிரித்தார். அவருக்கும் ஆசை இருந்தது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. அம்மா நெடுநேரம் பாத்திரம் துலக்கினாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “ஒரே ஒரு வாட்டி. அவன் கத்துனா அடுத்த நிமிஷம் திரும்பிடணும். அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் நீ என்னக் கூப்பிடக் கூடாது.” நான் சாமி மேல் சத்தியம் செய்தேன். அம்மாவோடு ஒரு டூர் என்றால் எந்தச் சாமி மேல் வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

ஒத்திகை எங்கள் மொட்டை மாடியில் நடந்தது. பெரியப்பா கூடாரத்தைக் கட்டினார். சிமெண்டில் முளை அடிக்க முடியாது என்பதால் நாலு மூலைக்கும் செங்கல். அண்ணன் முதலில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தடவினான். உள்ளே மட்டும் போகவில்லை. பெரியப்பா உள்ளே போய்ப் படுத்துக் குறட்டை விட்டுக் காட்டினார், அப்பா முறுக்கு வைத்து ஆசை காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவனை உள்ளே இழுத்தது ஜிப்புதான். வாசல் ஜிப்பை வெளியிலிருந்து ஏற்றி இறக்கியவன், உள்ளே இருந்து ஏற்றினால் எப்படியிருக்கும் என்று பார்க்கப் போனான். போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மாடியில் விர் விர்ரென்று சத்தம். கீழ்வீட்டு அம்மா ஏறி வந்து, “மேல யாரு புதுசா குடி வந்திருக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வாணாமா?” என்று சண்டைக்கு நின்றார். அவரையும் உள்ளே உட்கார வைத்து ஜிப்பை மூடிக் காட்டிய பிறகுதான் கோபம் தணிந்தது.

அடுத்தது படம் எடுக்கும் வேலை. அண்ணனுக்கு வாயால் சொன்னால் ஏறாது, படம் வேண்டும். அவன் போகும் சிறப்புப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறை அது. காலையில் அம்மா ஒரு நீள அட்டையில் படங்களை வரிசையாக ஒட்டிவைப்பாள். பல் தேய்ப்பது, இட்லி, வேன், பள்ளிக்கூடம். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்து, முடிந்ததைப் பிய்த்து டப்பாவில் போடுவான். படத்தில் இருப்பது நடந்தே தீர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு நாள் இட்லிப் படத்தை ஒட்டிவிட்டு அம்மா மறதியாகத் தோசை வைத்துவிட்டாள். மாவை ஊற்றி இட்லி வெந்து வரும்வரை அவன் தட்டைத் தொடவே இல்லை.

டூருக்கும் அப்படி ஒரு வரிசை தயாரானது. மாடியில் கூடாரம் ஜம்மென்று நின்ற ஒரு காலையில் அம்மா அதைப் போனில் பிடித்தாள். படம் அருமையாக வந்திருந்தது. கடையில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து வந்தோம். அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

இடம் அப்பா பார்த்தது. அப்பாவுக்குப் படகு எஞ்சின் சாமான் கடை. பிள்ளைச்சாவடியிலிருந்து கடைக்கு வரும் ஒரு மீனவருக்கு, வீட்டுக்குப் பின்னால் கடலை ஒட்டிக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருந்தது. பையன் கடலுக்குள் நடந்துவிடுவானே என்று அப்பா தயங்கியபோது, அவர் யோசிக்கவே இல்லை. “அதுக்கு இன்னா? வல கட்டிட்டாப் போச்சு” என்றார். கிழிந்துபோய்க் கிடந்த பழைய வலைகளையெல்லாம் அவரும் அவர் ஆட்களும் கொண்டுவந்து, தென்னைக்குத் தென்னை இழுத்துக் கட்டினார்கள். நாங்கள் போய் இறங்கியபோது தோப்பைச் சுற்றி ஆள் உயரத்துக்கு நீலமும் பச்சையுமாக வலை. இத்தனை பெரிய மீனுக்கு வலை போட்டதே இல்லை என்று அவர் சொல்லிச் சிரித்தார்.

காரில் அண்ணன் சமர்த்தாக வந்தான். சட்டைப் படம், கார்ப் படம் இரண்டையும் பிய்த்து டப்பாவில் போட்டான். பெரியப்பா பட்டாளத்து வேகத்தில் கூடாரத்தை எழுப்பினார். அம்மா புதுச் சுடிதாரில், தலையில் பூவோடு, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள் போல ஓரமாக நின்றாள்.

அண்ணன் கூடாரத்தைப் பார்த்தான். கையிலிருந்த படத்தைப் பார்த்தான். திரும்பவும் கூடாரத்தைப் பார்த்தான். பிறகு கத்த ஆரம்பித்தான்.

அப்பா ஜிப்பை ஏற்றிக் காட்டினார், அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைக் கடித்துக்கொண்டான். பெரியப்பா கூடாரத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். மீனவர் வீட்டு அக்கா சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்து, “புள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கும்மா” என்றார். அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். “போதும். கார எடுங்க” என்றாள். நான் தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சத்தியம் செய்தாகிவிட்டதே, இனிமேல் ஜென்மத்துக்கும் கூப்பிட முடியாதே என்றுதான் அழுகை.

அண்ணன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கூடாரத்துக்கு இடப்பக்கம் போய், இரண்டு மரங்களுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தில் படத்தை வைத்து அழுத்தினான். ஒட்டாமல் அது கீழே விழுந்தது. எடுத்துத் திரும்ப அழுத்தினான், திரும்ப விழுந்தது. வந்து அம்மாவின் சுடிதாரைப் பிடித்து இழுத்தான், படத்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

அம்மா முதன்முதலாக அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்தாள்.

“அட கடவுளே… என் நைட்டி!”

மாடியில் படம் எடுத்தபோது கூடாரத்துக்குப் பக்கத்துக் கொடியில் அம்மாவின் மஞ்சள் பூப்போட்ட நைட்டி காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. படம் எடுத்தவளும் பார்க்கவில்லை, பிரிண்ட் போட்ட எங்கள் கண்ணிலும் படவில்லை. எங்களுக்கு அது கூடாரத்தின் படம். அண்ணனுக்கு அது கூடாரமும் நைட்டியும் இருக்கிற படம். சட்டப்படி இரண்டும் இருந்தாக வேண்டும்.

“எடுத்தா, எடுத்துத் தொங்கவுடு!” என்று அப்பா பரபரத்தார்.

“கொண்டாரலியே! டூருக்குப் போற எடத்துல நைட்டியான்னு வெச்சிட்டு வந்துட்டேன்” என்றாள் அம்மா, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல்.

பெரியப்பா உடனே கயிற்றைக் கட்டித் தன் லுங்கியைத் தொங்கவிட்டார். அண்ணன் அதை உருவி மண்ணில் போட்டான். துண்டு போட்டார்கள், அதுவும் மண்ணுக்குப் போனது. மீனவர் வீட்டு அக்காவுக்கு விஷயம் விளங்கியதும், “நைட்டிதானா? இந்தக் குப்பத்துல நைட்டிக்கா பஞ்சம்?” என்று ஓடினார். திரும்பி வரும்போது அவரோடு நாலு பெண்கள், ஆளுக்கு ஒரு கை நிறைய நைட்டி. சிவப்பு, பச்சை, ஊதா, புள்ளி, கோடு என்று கயிறு நிறையத் தொங்கியது. கடல் காற்றில் எல்லாம் உப்பி ஆடின. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்துவிட்டார்கள்.

அண்ணன் அழுகையை நிறுத்தி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிடிக்காததைக் கீழே போட்டுக்கொண்டே போனான். ஒன்று விழும்போதெல்லாம் அதற்குச் சொந்தக்காரியைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் வெளுத்துப்போன மஞ்சளில் ஒன்று மிஞ்சியது. அதை முகத்தில் வைத்துத் தேய்த்தான். படத்தைப் பார்த்தான். பிறகு நடந்து போய்க் கூடாரத்துக்குள் நுழைந்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டான். விர்ரென்ற அந்தச் சத்தத்துக்குக் குப்பமே கைதட்டியது. பெரியப்பா பிரெஞ்சில் ஏதோ கத்திக்கொண்டு அப்பாவைத் தூக்கிச் சுற்றினார். படத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. அண்ணன் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் எங்கிருந்தாவது உருட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்.

“கொஞ்ச நேரம் அவன் பக்கத்துல இருந்துட்டு வரேன்” என்று அம்மா உள்ளே போனாள். நான் அம்மாவுக்குக் காட்ட வேண்டியதையெல்லாம் சேர்க்க ஆரம்பித்தேன். வலையை ஒட்டிய மணலில் சங்கு கிடந்தது, ஒரு நண்டு ஓடியது, அலை பாறையில் மோதி வலைக்கு இந்தப் பக்கம்வரை தெறித்தது. ஓடிப்போய்க் கூடாரத்தின் வலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் விழித்தபடியே அவள் பக்கத்தில் படுத்து, துப்பட்டா நுனியை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா!” என்று நான் வாயெடுப்பதற்குள் அப்பா என்னை அலாக்காகத் தூக்கி அப்பால் கொண்டுபோனார்.

மத்தியானம் மீன் குழம்பு வந்தது, அம்மா எழவில்லை. படகுகள் வந்தன, அப்போதும் எழவில்லை. அப்பா ஒரு தென்னமட்டையை வைத்துக்கொண்டு காக்கைகளைச் சத்தமில்லாமல் விரட்டினார். வேடிக்கை பார்க்க வந்த பெண்களிடம் அந்த அக்கா உதட்டில் விரல் வைத்துக் காட்டினார், அவர்கள் நைட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு பூனை நடை நடந்து போனார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பாடுபட்டு அழைத்து வந்தது தூங்குவதற்கா? சங்கையெல்லாம் மண்ணிலேயே கொட்டிவிட்டேன்.

சாயங்காலம் பெரியப்பாவின் போனில் பெரியம்மா வீடியோவில் வந்தார். பிரான்சிலிருந்து பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். பெரியப்பா அவசரமாகச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கூடாரத்தின் ஜன்னல் பக்கம் குனிந்து போனை உள்ளே காட்டினார்.

“ஒந்தங்கச்சியப் பாரு. காலைலேர்ந்து தூங்குறா” என்றார் மெதுவாக.

நான் அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்தேன். திரையில் பெரியம்மா வாயில் முந்தானையை வைத்தபடி அசையாமல் இருந்தார். கண் மட்டும் பளபளவென்றிருந்தது.

“நெட்டு போச்சு பெரிப்பா, கட் பண்ணிட்டு மறுபடி போடுங்க” என்றேன்.

பெரியப்பா கட் பண்ணவில்லை. கை வலிக்க வலிக்க அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.