கத்தி பட்டால் பரவும் என்றவர்

மாமனாரின் கம்பளிக் குல்லாய் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை வைத்து என் மனைவி அதை மெல்லப் பிரித்தெடுத்தபோது, உள்பக்கம் முழுக்கச் சீழ். நீலகிரி மலையில் இருக்கும் எங்கள் கேத்தியில் குளிருக்குக் குல்லாய் போடாத ஆண்கள் குறைவு. அதனால் அவர் உச்சந்தலையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது வீட்டாருக்கும் முடிவெட்டுபவருக்கும் மட்டுமே தெரியும். கேரட் ஏற்றும்போது லாரிக் கதவில் இடித்து அது பழுத்துவிட்டது. சர்க்கரை நோய் வேறு. காய்ச்சல் கொதித்தது.

"ஆஸ்பத்திரி வேண்டாம் மாப்ள. கத்தி பட்டாப் பரவிடும்."

பல வருடங்களாக அவர் சொல்லிவந்ததுதான். அவருடைய தம்பிக்குத் தொடையில் கட்டி வந்தது. கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் அறுவை சிகிச்சைக்கு இணங்கவைத்தவர் இவர்தான். அது புற்றுநோய் என்று தெரிந்தது. சில மாதங்களில் தம்பி இறந்துபோனார். எதிர்ச்சரிவில் இருந்த தம்பி வீட்டுக்கு அதன்பின் இவர் போனதே இல்லை. காய்கறி மட்டும் ஆள்வசம் போகும். துக்கம் தாளாமல் ஒதுங்கியிருக்கிறார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

வெலிங்டனில் என் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, ஏறக்குறைய வலுக்கட்டாயமாக அவரைக் குன்னூருக்கு அழைத்துப் போனேன். மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினார் டாக்டர். "புண் ஆறினதும் வாங்க. உறையோட எடுத்துடலாம். உறை உள்ள இருந்தா மறுபடி வரும்" என்றார் அந்த அம்மா. மாமனார் எழுந்து வாசலுக்கு நடந்துவிட்டார். இனி வரமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் புண் ஆறிய பிறகு ஒருநாள் காலையில் அவரே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "போலாமா மாப்ள?" என்றார்.

கட்டியை எடுப்பதற்கு முன் டாக்டரிடம் தம்பியைப் பற்றிக் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"கட்டி எவ்வளவு நாளா இருந்துச்சு?" என்றார் டாக்டர்.

"ரொம்ப நாளாங்க. நடக்க முடியாம போனப்பத்தான் எங்கிட்டச் சொன்னான்."

"அவரைப் பார்க்காம நான் உறுதியாச் சொல்லக்கூடாது. ஆனா கத்தி வச்சதால அவர் இறந்திருக்க மாட்டாருங்க ஐயா. அதுக்கு முன்னாடியே பரவியிருக்கும்."

"கத்தியால இல்லீங்களா?"

"இல்லீங்க."

சற்றுப் பொறுத்து மறுபடி அதையே கேட்டார். டாக்டரும் அதே நிதானத்தோடு அதையே சொன்னார். மாமனார் இத்தனை காலம் பயந்தது தன் கட்டிக்காக அல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தம்பியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்து வாழ்ந்திருக்கிறார்.

கட்டி உறையோடு முழுசாக வந்தது. பரிசோதனையில் சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்தது. அதைக் கேட்டு அவர் பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. திரும்பும் வழியில், எதிர்ச்சரிவுக்குப் பிரியும் பாதையில் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

தம்பி மனைவி முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். வாசலிலேயே நின்றபடி மாமனார் சொன்னார்: "கத்தி பட்டதால இல்லையாம், அம்மா. டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

தம்பி மனைவி திண்ணையில் கிடந்த கூடையை நகர்த்தி இடம் செய்தார்.

"அது எனக்கு அப்பவே தெரியுமுங்க மாமா. கோயமுத்தூர் டாக்டரே சொன்னாரு. நீங்கதான் எங்க ஊட்டுப் பக்கம் வரவே இல்லீங்களே."