பத்தடி பின்னால்

ஊரில் போர் முடிந்த அடுத்த குளிர்காலம் அது. சனிக்கிழமைகளில் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, நகருக்கு வெளியே இருக்கிற பியர்ஃபித்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். பதினாறு வயது. பிரெஞ்சு நாட்டிலேயே பிறந்தவள்; தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். ரூ காய் என்கிற கடைத்தெருவில் நான் வேலை செய்த பலசரக்குக் கடைக்கு வாராவாரம் வருகிற ஒருவரின் மகள்.

என் மனைவி அன்றைக்கு அலுவலகங்கள் துப்புரவாக்கப் போய்விடுவாள். எனக்குக் கடையில் வேலை அவளுக்கு முன்பே முடிந்துவிடும். நேரே வீட்டுக்குப் போகலாம்தானே என்று கேட்பீர்கள். போக முடியாது. குமர்ப்பிள்ளை நிற்கிற வீட்டுக்குள், மனைவி இல்லாத நேரம் பார்த்து நான் நுழைந்தால் சனம் என்ன கதைக்கும்? அதனால் மனைவி வரும்வரை கட்டட வாசலில் குளிரில் விறைத்துக்கொண்டு நிற்பேன். முதலாம் மாடியில் இருந்த அல்ஜீரியர், கதவுத் திறப்பைத் தொலைத்துவிட்டாயா என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பார். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். அந்த மனிதருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?

மனைவி வந்ததும் அந்தப் பிள்ளையை அவள் வீட்டில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. அதற்கும் அவளின் தாய் ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"இருட்டினாப் பிறகு தனிய அனுப்பிப்போடாதேங்கோ அண்ணை. ஆனா பக்கத்திலை நடந்தும் வராதேங்கோ. ஆரும் கண்டால் கதை கட்டிப்போடுவினம். கொஞ்சம் பின்னாலை வந்தால் காணும்."

"ஓம், அதுதான் நல்லது" என்றேன். எனக்கும் அதுதான் நிம்மதி. எங்கள் சனம் கூடுகிற லா ஷப்பலில் காலையில் ஒருவன் தும்மினால், மத்தியானத்துக்குள் அவனுக்குக் காசநோய் என்று கதை வந்துவிடும். ஆகவே அவள் முன்னால் போவாள், நான் பத்தடி பின்னால் போவேன். கார் து நோர் ரயில் நிலையத்தில் ஒரே பெட்டியில் ஏறி வேறு வேறு இருக்கைகளில் இருப்போம். அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஒருதரமும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ரயிலில் எனக்கு எதிரே சாம்பல் நிறச் சால்வை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். நான் அவரைக் கவனிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்தேன், யன்னலைப் பார்த்தேன், திரும்பவும் பிள்ளையைப் பார்த்தேன். காவலுக்குப் போகிறவன் வேறு என்னத்தைப் பார்ப்பது? ஆனால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பியர்ஃபித்தில் பிள்ளை இறங்கினாள். பின்னால் நான். அந்தப் பெண் என்னை இடித்துக்கொண்டு விரைந்துபோய்ப் பிள்ளையின் தோளைப் பிடித்தார்.

"அந்த ஆள் உன்னைப் பின்தொடர்கிறான். ஏறியதிலிருந்து உன்னையேதான் பார்க்கிறான்" என்றார் பிரெஞ்சில்.

"எங்களுக்குத் தெரிந்தவர். என்னை வீட்டில் விட வருகிறார்."

"அப்படியானால் ஏன் தள்ளி இருந்தான்? ஏன் பின்னால் வருகிறான்? அப்படிச் சொல்லச் சொல்லி உன்னை மிரட்டினானா?"

எங்கள் சனத்தின் வாய்க்குப் பயந்து என்பதைப் பிள்ளை எந்தப் பிரெஞ்சில் சொல்வாள்?

அந்தப் பெண் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கிட்ட வந்தால் பொலிசைக் கூப்பிடுவேன்."

மரக்கறி விற்கப் பழகிய என் பிரெஞ்சு எங்கேயோ ஓடி ஒளிந்துவிட்டது. போகிற வருகிற ஆட்கள் நின்று பார்த்தார்கள். பயந்துவிட்டேன். குமரின் பின்னால் திரிந்தவன் என்று பொலிஸ் பிடித்தால் என் பிள்ளைகளின் முகத்தில் எப்படி முழிப்பேன்? அடுத்த ரயிலில் ஏறித் திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் யார் எவர் என்று தெரியாத ஒருத்தியிடம் பிள்ளையை எப்படி விட்டுவிட்டுப் போவது?

"வீட்டுக்கு வாருங்கள், அம்மாவைக் கேளுங்கள்" என்றாள் பிள்ளை. அவர்கள் முன்னால் நடந்தார்கள். நான் பின்னாலேயே போனேன். திரும்பித் திரும்பி முறைத்த அந்தப் பெண்ணின் விரல் தொலைபேசியை விட்டு எடுபடவில்லை.

தாய் கதவைத் திறந்தார். தகப்பன் ஓர் உணவகத்தில் சமையல், வீட்டில் இல்லை. சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. அங்கே நின்றவர் எங்கள் ஊர்க்கார அக்கா ஒருவர். கடையில் முருங்கைக்காய் தெரிவுசெய்து முடிப்பதற்குள் நாலு குடும்பத்தின் மானத்தை வாங்கிவிடுவார்.

"மதாம், இந்த மனிதரை உங்களுக்குத் தெரியுமா?" என்று தாயிடம் கேட்டார் சால்வைக்காரப் பெண்.

தாய் என்னைப் பார்த்தார். பிறகு எதிர்க்கதவைப் பார்த்தார். தெரியும் என்றால் நாளைக்கே ரூ காய் முழுக்கக் கதை. தெரியாது என்றால் நான் தொலைந்தேன். சொல்லு தங்கச்சி, சொல்லித் துலை என்று மனதுக்குள் கத்தினேன். அவர் மறுபடியும் எதிர்க்கதவைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார் கடைசியில், பிரெஞ்சில், உரக்க. "என் அண்ணன்."

அந்தப் பெண் தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். "மன்னித்துக்கொள்ளுங்கள் மொசியூ. ஆனால் இனிமேல் பிள்ளைக்குப் பக்கத்தில் நடவுங்கள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நாளைக்கு என் மகளுக்கும் அப்படி ஒருத்தி குறுக்கே வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். எதிர்க்கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உள்ளை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார் தாய்.

பிள்ளை குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். அவள் வாயிலிருந்து ஒரு முழுத் தமிழ் வசனத்தை அன்றுதான் கேட்டேன்.

"அம்மா, மாமாவைத் தெரியுமெண்டு சொல்ல ஏன் இவ்வளவு நேரம் யோசிச்சனீங்கள்?"