இரண்டாவதாகப் பிறந்தவள்

அலமாரியின் அடித்தட்டில், ஒரு பழைய துண்டில் சுற்றித் தொட்டில் ஸ்பிரிங் ஒன்றை வைத்திருக்கிறேன். முழங்கை நீளம், இரண்டு முனையிலும் கொக்கி. துரு ஏறிவிட்டது, இழுத்தால் இன்னும் முனகும். சிராங்கூன் ரோட்டுக் கடையில் அப்பா வாங்கியது. பஃபலோ ரோட்டில் நாங்கள் குடியிருந்த மாடி அறையின் உத்தரத்தில் அதை மாட்டி, கீழ்க் கொக்கியில் மலாய்க்காரர்கள் செய்வதுபோல் ஒரு சாரோங் கைலியைக் கட்டினால் தொட்டில் தயார். ஆட்டிவிட ஆள் வேண்டாம். பிள்ளை காலை உதைத்தாலே மேலும் கீழும் போய்வரும். அதில் அண்ணன் தூங்கினான், நான் தூங்கினேன், பிற்பாடு அண்ணனின் மகள் தூங்கினாள்.

பிறந்த மண்ணுக்கு நன்றியோடு இருக்க வேண்டும் என்று கோயிலிலும் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். இருக்கிறேன், இல்லாமல் என்ன? தண்ணீர் வருகிறது, வீடு இருக்கிறது, பேருந்தில் ஏறினால் முதியவள் என்று எழுந்து இடம் தருகிறார்கள். ஆனால் அந்த நன்றியைத் தொட்டுப் பார்த்தால், வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்த கால்போல இருக்கிறது. என் கால்தான், ஊன்றினால் நிற்கவும் செய்கிறது, உணர்ச்சிதான் இல்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். அண்ணனை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா கப்பலேறித் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தன் ஊருக்குப் போய்ப் பெற்றாள். பிள்ளைக்குத் தலை நின்றதும் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். இரண்டாவது பிரசவத்துக்கு அந்த வழக்கம் கிடையாது. என்னைப் பெற அம்மா, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்திலிருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. நான் இரண்டாவது, அவ்வளவுதான்.

அந்த ஊரைப் பற்றி அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. என்னைவிட அவன்தான் இந்த ஊர்க்காரன். சீனர்களின் ஹொக்கியனில் பேரம் பேசுவான், மலாயில் சண்டை போடுவான், தமிழில் பேசும்போது மட்டும் கொஞ்சம் யோசிப்பான். ஐம்பதுகளின் பிற்பகுதியில், குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி எங்கும் ஒரே பேச்சு. அண்டை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வேலைக்கு விடுப்புப் போட்டு வரிசையில் நின்றார்கள். அப்பா போகவில்லை, அண்ணனையும் விடவில்லை. "நமக்குத்தான் ஊர் இருக்கே. இங்க எழுதிக் கொடுத்துட்டா அங்க உள்ள பாத்தியதை போயிடும்" என்றார். அந்தப் பாத்தியதை அரைக் காணி மேட்டு நிலம். பந்து விளையாடிவிட்டு வந்து சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணன், "அப்பா சொன்னா சரி" என்றான். ஊரைப் பற்றிய முடிவு அந்தத் தண்ணீர்க் குழாயடியில் முடிந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ராணுவ முகாம்களைக் காலி செய்யப்போவதாக அறிவித்தார்கள். சாங்கி முகாமில் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த அண்ணனுக்கு முதல் கட்டத்திலேயே வேலை போனது. குடியுரிமை இல்லாதவன் வேறு வேலை பார்க்க அனுமதி வேண்டும். அது கிடைக்கவில்லை. அப்போது அண்ணி முழுகாமல் இருந்தாள். அண்ணியின் தாய்வீடு ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டம். முன்பெல்லாம் பாலம் தாண்டினால் வந்துவிடும் இடம், அதற்குள் அதுவும் வேறு நாடாகியிருந்தது.

வளைகாப்பு முடிந்த மத்தியானம், சம்பந்தியம்மாள் மகளை அழைத்துப்போகக் கிளம்பி நின்றாள். பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா சாஸ்திரம் பார்ப்பவள், செவ்வாய்க்கிழமை நகம்கூட வெட்ட விடமாட்டாள். அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அனுப்ப மாட்டேன் சம்பந்தி. கோவிச்சுக்காதீங்க."

"என்ன பேச்சு இது? தலைப்பிள்ளை. எங்க வீட்லதான பாக்கணும்?"

"நானும் தலைப்பிள்ளைனு போயித்தான் பெத்தேன். அதோ நிக்கிறான் பாருங்க, வேலையும் இல்ல, ஊரும் இல்ல. இந்தப் பிள்ளை இங்கதான் பொறக்கணும்."

"அப்ப எங்களுக்கு என்ன மரியாதை?"

"என்னைத் திட்டுங்க. ஊரெல்லாம் சொல்லித் திட்டுங்க. பெட்டிய மட்டும் உள்ள வைங்க."

சம்பந்தியம்மாள் திட்டினாள், அழுதாள், பிறகு தானும் எங்களோடேயே தங்கிவிட்டாள். ஒரே அறையில் இரண்டு அடுப்பு எரிந்தது. அம்மா வைத்த ரசத்தை அவள் தொடவில்லை, அவள் அரைத்த பத்தியத் துவையலை அம்மா தொடவில்லை. அண்ணி இரண்டையும் சாப்பிட்டாள். பெண்பிள்ளை பிறந்தது, நான் பிறந்த அதே ஆஸ்பத்திரியில். அம்மா முதலில் கேட்டது பிள்ளையின் நிறத்தையோ எடையையோ அல்ல. "இங்கதான் பொறந்துச்சுனு பதிஞ்சாச்சா?" என்றுதான் கேட்டாள்.

பிள்ளை குப்புற விழத் தொடங்கிய சமயத்தில் அண்ணன் கப்பலேறினான். வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும், "சொந்த ஊருக்குத்தானே போற, சந்தோஷமா போய்ட்டு வா" என்றார்கள். அண்ணன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நாகப்பட்டினத்துல எறங்கி எந்த பஸ் ஏறணும்பா?" என்று கேட்டான். அப்பா அந்த ஊருக்குப் போய் முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. "யாரையாச்சும் கேளு, சொல்வாங்க" என்றார்.

பால் மறக்கடித்த பிறகு அண்ணியும் அவனிடம் போனாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் கிளம்பினாள். அம்மாதான், "அங்க என்னடி இருக்கு? விட்டுட்டுப் போ. இவளுக்கு ஊர் இருக்கு" என்றாள். அண்ணி பிள்ளையை என் மடியில் போட்டாள். அழுதாளா என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. ஸ்பிரிங் முனகியது மட்டும் நினைவிருக்கிறது, ஏனென்றால் நான்தான் அன்று தொட்டிலில் போட்டேன். அதன் பின்பும் நான்தான் போட்டேன்.

அண்ணன் மகள் இங்கேயே படித்தாள், வேலைக்குப் போனாள். அவள் கல்யாணத்துக்கு அண்ணனும் அண்ணியும் விமானத்தில் வந்தார்கள். அண்ணனுக்கு முடி முழுதும் நரைத்திருந்தது. விசாவில் வந்தவன், நாள் முடிந்தால் போய்விட வேண்டும். எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்துத் தேக்கா சந்தையில் இரண்டு முறை வழி தவறினான். மகள் அவனை மரியாதையாக, "வாங்க, உட்காருங்க, சாப்டீங்களா?" என்று உபசரித்தாள். வேற்று வீட்டுப் பெரியவர்களிடம் அவள் பேசுகிற விதம் அது. அவன் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னான்.

புறப்படுகிற அன்று அலமாரியில் எதையோ தேடும்போது துண்டுச் சுருளைக் கண்டு பிரித்தான். ஸ்பிரிங்கை இரு கையாலும் இழுத்தான். அது முனகியது.

"இது எனக்காக வாங்குனதுதானே?"

"ஆமாண்ணே. நீ கப்பல்ல வர்றன்னு அப்பா முன்னாடியே வாங்கி மாட்டி வச்சிருந்தாராம்."

தலையாட்டினான். அதே துண்டில், இருந்த மடிப்பு மாறாமல் சுற்றி, இருந்த இடத்தில் வைத்தான். அதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது.

இப்போது அண்ணன் மகள் பொங்கோலில் ஓர் அடுக்குவீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் பேரன் பிறந்திருக்கிறான். மின்சாரத் தொட்டில், தானே ஆடுகிறது, சத்தமே இல்லை. போன வாரம் அவளிடம் கேட்டேன், "உன்னை இங்க வச்சுக்கிட்டது சரிதானாம்மா?" பால் புட்டியைக் கழுவிக்கொண்டே, "நல்லதுதான் செஞ்சீங்க அத்தை. எனக்கு ஒரு குறையும் இல்லையே" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. என் முகத்திலும் இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து துண்டைப் பிரித்தேன். அண்ணனுக்கென்று இந்த ஊரில் யாரும் எடுத்து வைத்தது இது ஒன்றுதான். அதையும் அவன் எடுத்துப் போகவில்லை.